கோவிவனுக்குப் பின் வந்த நாய்கள்

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எருமைகளைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவகத்தி என்பவனுக்காக எடுத்த கல். அதில் அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாய்க்கென்று தனியாக ஒரு வாசகமும் வெட்டியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். அது கள்ளனைக் கடித்துக் காவல் காத்தது. செய்தி அவ்வளவுதான். நன்றியுள்ள பிராணி என்ற புகழ்ச்சி அதில் இல்லை, பிரிவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பெயரையும் நடந்ததையும் வெட்டிவிட்டுக் கல்தச்சன் உளியைக் கீழே வைத்துவிட்டான். ஏறத்தாழ 1400 ஆண்டுகள் கழித்தும் அந்த நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட நம்மால் முடிகிறது. அந்தக் காலத்தில் அந்த வட்டாரத்தில் வாழ்ந்து முடிந்த மனிதர்களில் எத்தனை பேருக்கு இது வாய்த்தது என்று எண்ணிப் பார்த்தால், அந்த ஒற்றை வரியின் கனம் புரியும்.

நடுகல்லைத் தேடி மதுரைக்காரர்கள் வடக்கே போக வேண்டியதில்லை. வைகைப் படுகையிலேயே, தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006இல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. தமிழகத்தில் கிடைத்துள்ள எழுத்துடை நடுகற்களில் மிகப் பழையவை அவை. அவற்றுள் ஒன்று, கூடல் ஊரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்துபட்ட ஒருவனின் பெயரைச் சொல்கிறது. யார், எந்த ஊர், எதில் செத்தான்: இந்த மூன்றுக்கு மேல் அதில் ஒன்றுமில்லை. கர்நாடகத்து ஆதகூர்க் கல் இதைவிட விரிவாகப் பேசும். 949இல் நம்முடைய தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசன் இராஜாதித்தன் மாண்டான் அல்லவா, அந்தப் போரில் எதிரணியில் நின்று வீரம் காட்டிய மணலேரன் என்பவன், தன் அரசன் என்ன வேண்டும் என்று கேட்டபோது காளி என்ற வேட்டைநாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்தக் காளி பின்னர் ஒரு பெருங்காட்டுப்பன்றியோடு மோதியது. நாயும் பன்றியும் ஒருசேரச் செத்தன. அதற்காகக் கல் நட்டு, நிலம் விட்டு, கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசாரி உண்டால் பாவம் சேரும் என்றும் எழுதி வைத்தார்கள். எங்கே மோதியது, எதோடு மோதியது, எப்படிச் செத்தது எல்லாம் அதில் இருக்கின்றன. நம் முன்னோர் நினைவை அழுகையாக வைத்துக்கொள்ளவில்லை, சாட்சியமாக வைத்துக்கொண்டார்கள் என்பது இந்தக் கற்களிலிருந்து எனக்குக் கிடைக்கும் பாடம். இன்று மதுரையில் தெருவிலிருந்து மீட்டு வளர்க்கப்பட்டு இறந்துபோகும் நாய்களை நினைவுகூர்வதற்கும் இதைவிடச் சரியான வழி இல்லை என்றே நினைக்கிறேன்.

மீட்கப்பட்ட நாய் என்று யாரைச் சொல்கிறோம்? கப்பலூர் நான்குவழிச் சாலையில் லாரி ஏறி இடுப்பொடிந்து, முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு நகரும் நாய். காதுக்குப் பின்னால் சின்னக் கீறலாகத் தொடங்கிய புண்ணில் ஈ முட்டையிட்டு, நாலைந்து நாளில் புழு வைத்துக் குழியாகிப்போன நாய். பிறந்து ஆறு வாரத்தில் பார்வோ தொற்று கண்டு இரத்தமாகக் கழியும் குட்டி. இணைசேர்க்கையில் தொற்றும் கட்டி முற்றி, வாரம் ஒரு ஊசி போட்டால் பிழைக்கும் என்ற நிலையில் இருக்கும் பெட்டை. இவற்றைத் தூக்கிக்கொண்டு தல்லாகுளம் கால்நடை மருத்துவமனைக்கு ஓடுபவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், கடை ஊழியர்கள், தெருவில் சோறு வைக்கும் பெண்கள். பிழைத்தவை சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் போகின்றன, பிழைக்காதவை அன்றைக்கே போய்விடுகின்றன. போனபின் அந்த மனிதர்களின் பேச்சைக் கவனித்தால் ஒன்று தெரியும். நம் வழக்கில் நாய் சாகும், மனிதர் இறப்பார். இவர்களோ 'அவன் போயிட்டான்', 'அவ சாமிகிட்டப் போயிட்டா' என்கிறார்கள். இலக்கணம் அஃறிணையில் வைத்த உயிரைத் துக்கம் உயர்திணைக்கு ஏற்றிவிடுகிறது. அது போலிப் பேச்சு இல்லை, உள்ளிருந்து வருவது. ஆனால் அந்தத் துக்கம் எங்கே போய்ச் சேர்கிறது? கைப்பேசியில் மாலை போட்ட ஒரு படமாக ஒருநாள் இருக்கிறது. கண்மாய்க் கரையிலோ வேப்பமரத்தடியிலோ தோண்டிய குழி அடுத்த மழையில் மட்டமாகிவிடுகிறது. அந்த நாய் எந்தத் தெருவில் கிடைத்தது, எதனால் போனது என்பது தூக்கி வந்தவரின் மனதில் மட்டும் இருக்கிறது. அவரும் அடுத்த நாயைத் தூக்க ஓடியாக வேண்டும்.

அரசின் கணக்கில் இது இன்னும் மோசம். கருத்தடை செய்யப்பட்ட தெருநாயின் காதைப் பார்த்திருப்பீர்கள். நுனியில் ஆப்பு வடிவில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். ஆறிப்போய், ஓரம் சற்றே தடித்து, கிழிந்த காது என்று நினைக்கும்படி. தெருநாயின் மேல் அரசு எழுதும் ஒரே எழுத்து அதுதான். பிடித்தோம், அறுவை செய்தோம், வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம், விட்டோம் என்று அதற்குப் பொருள். விலங்குகள் கருத்தடை விதிகள் 2023இன்படி எங்கே, எந்த நாளில் பிடித்தார்கள் என்ற பதிவு வேண்டும். பிடித்த இடத்திலேயே திருப்பி விட வேண்டும். அறுத்தெடுத்த உறுப்புகளை எண்ணிப் பார்த்து அறுவைக் கணக்கைச் சரிபார்க்கும் வழக்கமும் உண்டு. மதுரையில் செல்லூரிலும் வெள்ளைக்கல்லிலும் மாநகராட்சியின் கருத்தடை மையங்கள் இருக்கின்றன. இத்தனை கவனமான கணக்கும் விட்ட நாளோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பின் அந்த நாய் எத்தனை ஆண்டு வாழ்ந்தது, எப்படிச் செத்தது என்று எழுத எங்கும் ஒரு பத்தி இல்லை. கருப்பையை எண்ணுகிற ஏற்பாட்டுக்குச் சாவை எண்ணத் தோன்றவில்லை.

காரணத்தை எழுதுவதால் செத்த நாய்க்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். அதற்கு ஒன்றும் ஆகாது. அதன் தெருவுக்கு ஆகும். டிஸ்டெம்பர் என்ற நோயை எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பைத் தாக்கிய கட்டத்தில் நாயின் தாடை எதையோ மெல்வதுபோல வெட்டி வெட்டி இழுக்கும், வாயில் நுரை தள்ளும், நடை கோணும். பார்த்தவர்கள் வெறிநாய் என்று கூவுவார்கள், கட்டையோடு நாலு பேர் வருவார்கள். டிஸ்டெம்பர் மனிதருக்குத் தொற்றாத நோய். வெறிநோயோ அறிகுறி தென்பட்டபின் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லாத நோய். வெளித்தோற்றத்தைக் கொண்டு இரண்டையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. இறந்த நாயின் மூளைத் திசுவை ஆய்வுக்கூடத்தில் பார்த்தால்தான் முடியும். அடித்துக் கொன்று குப்பை வண்டியில் ஏற்றிவிட்டால் இரண்டு பிழைகள் ஒரே நாளில் நடக்கின்றன. டிஸ்டெம்பராக இருந்தால், தெருவின் மற்றக் குட்டிகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்ற எச்சரிக்கை குப்பையோடு போகிறது. வெறிநோயாக இருந்தால், அந்த வாரம் அது யாரையெல்லாம் கடித்தது, யாரையெல்லாம் நக்கியது என்று தேட வேண்டிய அவசரம் யாருக்கும் தெரியாமலே போகிறது.

இந்த இடத்தில்தான் மிகக் கடுமையான ஆட்சேபம் எழுகிறது. அதைத் தட்டிவிட்டுப் போக யாருக்கும் உரிமை இல்லை. தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டில் மட்டும் 40 பேருக்கு மேல் வெறிநோயால் இறந்தார்கள். நாய்க்கடி இலட்சக்கணக்கில் பதிவானது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னால் நின்று செத்த நாய்க்கு அஞ்சலி என்று பேச எந்த முகம் வேண்டும்? கேள்வி நியாயமானது. ஆனால் அந்தத் தாய்க்கு இழைக்கப்பட்ட அநீதி எங்கே தொடங்கியது என்று பின்னோக்கி நடந்து பாருங்கள். வெறிநோய் கண்ட நாய், அறிகுறி தெரிந்து சில நாளில் தானும் செத்துவிடும். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வதே அதனால்தான். நாய்க்கடியால் ஒரு மனிதர் வெறிநோயில் இறப்பதற்கு முன்னால், ஊரில் எங்கோ ஒரு நாயின் சாவு எழுதப்படாமல் போயிருக்கிறது. சாக்கடை ஓரத்திலோ முள்காட்டிலோ கிடந்த அந்த உடலைப் பார்த்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தார்கள். அதை ஒருவர் எழுதி, ஒருவர் விசாரித்திருந்தால், கடிபட்ட குழந்தைக்கு உரிய நேரத்தில் ஊசியும், காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புரதமும் கிடைத்திருக்க வாய்ப்பு உண்டு. நாயை நினைவில் வைப்பதும் குழந்தையைக் காப்பதும் ஒரே பதிவேட்டில் நடக்கிற வேலை.

கொன்று தீர்ப்பதே வழி என்பவர்களுக்கு மதராஸ் வரலாறு பதில் சொல்லும். அந்த நகரம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. ப்ளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பைத் தொடங்கிய கேப்டன் சுந்தரம் குடும்பத்தார் 1960களில், கொல்லுவதை விட்டுக் கருத்தடைக்கு மாறுங்கள் என்று கேட்டார்கள். மாநகராட்சி இசைந்தது 1996இல். அதற்கு முந்தைய ஆண்டில் சென்னையில் நாளொன்றுக்குச் சராசரியாக 135 நாய்கள் கொல்லப்பட்டதாக ப்ளூ கிராஸ் தரப்பு எழுதியிருக்கிறது. நூறாண்டுக்கு மேல் கொன்றபின்னும் தினமும் கொல்ல அத்தனை நாய்கள் இருந்தன என்பதே அந்த வழியின் தோல்விக்குச் சான்று. நோய்ச் சங்கிலியை அறுப்பது தடுப்பூசி. ஒரு பகுதியின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது தொடர்ந்து போட்டுவந்தால் பரவல் நிற்கும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட கணக்கு. எழுபது என்று சொல்ல முதலில் நூறு எது என்று தெரிய வேண்டும். எத்தனை செத்தன என்று தெரியாத ஊரில் எத்தனை இருக்கின்றன என்று எப்படித் தெரியும்?

இன்னொரு ஆட்சேபம் நடுகல் மரபிலிருந்தே வரும். கோவிவன் கள்ளனைக் கடித்தான், காளி பன்றியோடு பொருதினாள். செயல் இருந்தது, கல் வந்தது. இடுப்பொடிந்து கிடந்த நாய் என்ன செய்தது? 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் மண்சரிந்து, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில் 70 பேர் மாண்டபோது, குவி என்ற நாட்டுநாய் ஒரு வாரத்துக்கு மேல் அலைந்து, தன்னோடு விளையாடிய குழந்தையின் உடலைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. அப்படிப்பட்டதற்கல்லவா கல் என்பார்கள். குவிக்குக் கல் வைத்தால் முதலில் மகிழ்பவன் நான். ஆனால் நாலடியார் வேறொரு நாயைக் காட்டுகிறது. வைகையில் எறியப்பட்டு எதிர்நீந்தி வந்த ஏடுகள் என்று மதுரை மரபு சொல்லும் அந்த நூல், எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதே எறிந்தவனைப் பார்த்து வாலைக் குழைக்கும் நாயைப் பற்றிப் பேசுகிறது. அந்த நாய் யாரையும் வெல்லவில்லை, எதையும் காக்கவில்லை. பட்டது, பட்டபின்னும் மனிதனை நம்பியது. வெந்நீர் ஊற்றப்பட்டு முதுகுத்தோல் உரிந்த நாய், மருந்து போட வருகிற கையை நக்குகிறதே, அது இந்த நாயின் வம்சம். நாலடியாரைப் பாடிய சமணத் துறவிகளுக்குப் பாட்டில் வைக்கத் தகுந்ததாகத் தோன்றிய ஒன்று, நமக்கு நினைவில் வைக்கத் தகாததாக எப்படிப் போகும்?

செயல் எதுவும் செய்யாத, பெயர்கூட இல்லாத ஒரு நாய்க்கு நினைவுச்சின்னம் எழுந்த கதை இலண்டனில் உண்டு. 1903இல் அங்கே ஒரு கல்லூரி வகுப்பறையில் மருத்துவ மாணவர்கள் முன்னிலையில் பழுப்பு நிற நாய் ஒன்றை அறுத்துக் காட்டினார்கள். அதற்கு முன்பே ஒருமுறை அறுக்கப்பட்ட நாய் அது. 1906இல் பாட்டர்சீ பகுதியில் அதற்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். சிலையின் கீழே எந்த இடத்தில், எந்த மாதத்தில், எதனால் செத்தது என்று பச்சையாக எழுதியிருந்தது. நாயின் அன்பைப் பாடியிருந்தால் யாருக்கும் கோபம் வந்திருக்காது. காரணத்தை எழுதியதால் 1907இல் மருத்துவ மாணவர்கள் கலவரத்தில் இறங்கினார்கள், சிலைக்குப் போலீஸ் காவல் போட வேண்டி வந்தது, 1910இல் இருட்டோடு இருட்டாக அகற்றினார்கள். 1985இல்தான் புதிய சிலை வந்தது. மாஸ்கோ தெருவில் பிடித்த லைக்காவை 1957 நவம்பர் 3 அன்று விண்ணுக்கு அனுப்பியவர்களும் அதன் சாவைப் பற்றி வலியில்லாமல் போனது என்ற தொனியில் பல பத்தாண்டுகள் பேசினார்கள். ஏவிய சில மணி நேரத்திலேயே வெப்பம் தாங்காமல் செத்தது என்ற உண்மை வெளிவர 2002 ஆனது. அதுவரை அஞ்சல்தலையிலும் படங்களிலும் உலகம் வணங்கிய லைக்கா, நிஜத்தில் செத்த லைக்கா இல்லை. காரணத்தை மறைத்த அஞ்சலி இறந்தவரைவிட்டு விலகிவிடும்.

நம் பக்கத்தில் நினைவு வேறு வடிவங்களிலும் உண்டு. அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் கோயில்காளை இறந்தால் மாலை, துண்டு, மேளத்தோடு ஊரே கூடி அடக்கம் செய்யும். மானாமதுரை அருகே ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர், தான் வளர்த்து 2021இல் இறந்த நாய்க்குப் பளிங்குச் சிலை வைத்துக் கோயிலே கட்டினார். பைரவருக்கும் கருப்பசாமிக்கும் பக்கத்தில் நாயை நிறுத்திக் கும்பிட்ட மண்ணில் இதில் பரிகசிக்க ஒன்றுமில்லை. ஆனால் காளைக்கு ஊர் இருக்கிறது, வீட்டு நாய்க்கு வீடு இருக்கிறது. தெருவிலிருந்து தூக்கி வந்து மூன்றாம் நாள் போய்விட்ட நாய்க்கு யார் இருக்கிறார்கள்? அதன் நினைவு பொதுவில் இருந்தாக வேண்டும். வேறு இடம் அதற்குக் கிடையாது. இனிமேல் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22இல் திருத்தி உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றை அங்கே திரும்ப விடக்கூடாது, காப்பகத்தில் வைக்க வேண்டும் என்றது. தீராத நோயில் துடிக்கும் தெருநாய்களைக் கால்நடை மருத்துவர் மூலம் கருணைக்கொலை செய்யத் தமிழக அரசும் 2025 ஜூலையில் அனுமதி தந்தது. இவற்றின் சரி தவறு தனி விவாதம். ஒன்று மட்டும் உறுதி: தெருவில் எல்லோர் கண்ணிலும் பட்ட சாவுகளில் பல இனிச் சுவருக்குள்ளே நடக்கும். சுவருக்குள் நடக்கும் சாவுக்குக் காரணம் எழுதப்படாவிட்டால் பட்டினியும் நெரிசலும் தொற்றும் 'இயற்கை மரணம்' ஆகிவிடும்.

மனிதருக்கே கல் இல்லாத ஊரில் நாய்க்குக் கல்லா என்று கடைசியாக ஒரு கேள்வி இருக்கிறது. அதில் பாதி உண்மை என்பதால் மற்ற எதையும்விட என்னை அதிகம் தொந்தரவு செய்யும் கேள்வி இதுதான். சாலையில் நசுங்கிய நாயைத் தகரத்தால் வழித்தெடுத்துத் தள்ளுவண்டியில் போடுபவர் ஒரு தூய்மைப் பணியாளர். அந்த வேலை எந்தச் சாதியாரின் தலையில் கட்டப்பட்டிருக்கிறது என்று மதுரையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாய் பிடிக்கும் தொழிலாளியும் உடலை எடுக்கும் தொழிலாளியும் வெறிநோய்க்கு மிக அருகில் நிற்பவர்கள். கடி படுவதற்கு முன்பே அவர்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், கையுறை இருக்க வேண்டும். நாயின் சாவை எழுதும் பதிவேட்டில் எடுத்துப் புதைத்தவர் யார், அவருக்கு ஊசி போட்டாயிற்றா என்பதும் சேர்ந்து பதிவாகட்டும். கருந்தேவகத்தி அரசன் அல்லன், எருமைக்காக உயிரைவிட்டவன். அவனுடைய கல்லில்தான் நாய்க்கும் இடம் கிடைத்தது. எளியவனை எழுதிய கை நாயையும் எழுதியது. நினைவு ரேஷன் அரிசி போல அளந்து கொடுக்கும் பொருளாக இருந்தால் ஒருவருக்குக் கொடுக்க இன்னொருவரிடம் பிடுங்க வேண்டியிருக்கும். அந்தக் கல்லில் அப்படி யாரிடமும் எதையும் பிடுங்கவில்லை.

மாநகராட்சிக்குக் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. செல்லூர், வெள்ளைக்கல் மையங்களின் பதிவேட்டில் இறந்த தேதி, கிடைத்த இடம், காரணம், புதைத்தவர் என்று நான்கு பத்திகள் கூடட்டும். வெறிநோய் என்று ஐயம் வரும் ஒவ்வொரு உடலிலிருந்தும் மாதிரி ஆய்வுக்குப் போகட்டும். ஆண்டுக்கு ஒருமுறை நூறு வார்டுகளின் கணக்கும் வெளியிடப்படட்டும். நாய்களை மீட்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படத்துக்கு மாலை போடுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். அன்று இரவே ஒரு நோட்டை எடுத்து, நீங்கள் வைத்த பெயர், தூக்கிய தெரு, மருத்துவர் சொன்ன காரணம் மூன்றையும் மையால் எழுதி வையுங்கள். காரணம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். அந்தத் தெருவில் இன்னொரு குட்டி இந்நேரம் பிறந்திருக்கும்.